உப்புத் தண்ணீர் விவகாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் நம் நகர்க் குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மே மாதம் மட்டும் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேரவில்லை; பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். பொங்கல் விழா நன்றாக நடந்தது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மற்றபடி ஆண்டு முழுவதும் நம்மை இழுத்துப் பிடித்தது தண்ணீர்தான்.

ஜூலை மாதம் நம் தெருவுக்கு ஃபில்டர் விற்கும் ஒருவர் வந்தார். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை இறக்கி சுவிட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறியது, அவருடையது அப்படியே இருந்தது. "இதைத்தானே குழந்தைகளுக்குக் கொடுக்கிறீங்க?" என்றார். அன்றே சில வீடுகளில் முன்பணம் கொடுத்தார்கள். அதில் செயலாளர் வீடும் ஒன்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் அடுத்த கூட்டத்தில் அதே வித்தையைச் செய்து காட்டினார். கம்பி இரும்பு. தண்ணீரில் தாது உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாகும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் ஒன்றும் நடக்காது. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டார். அதுவும் சாக்கடை நிறமானது. நம் எல்லார் முகத்திலும் அசடு வழிந்தது. அந்தக் கூட்டத்தில்தான் தண்ணீரை முறையாகப் பரிசோதிப்பது என்று முடிவானது.

முதல் முயற்சி வீண். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனோம், ஆய்வகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். தப்பு நம்முடையது. இரண்டாவது முறை புது கேன், அதே தண்ணீரால் மூன்று முறை அலசல், வீட்டு எண் எழுதிய சீட்டு என்று ஒழுங்காகப் போனோம். கூடவே சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் ஒன்றும் சங்கத்துக்கு வாங்கினோம். கடினத்தன்மை, அதாவது கரைந்த கால்சியமும் மக்னீசியமும், இருந்தால் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். அது நீலமாக மாற எத்தனை சொட்டு தேவை என்று எண்ணினால் கணக்கு வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்தார்கள்.

முடிவைச் சொல்கிறேன். இந்தியக் குடிநீர்த் தரப்படி (ஐஎஸ் 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். தெருக்குழாயில் நேராகப் பிடித்த தண்ணீர் 200-க்குள் அடங்கியது. ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர் பெரும்பாலும் இரண்டு எண்ணுக்கும் நடுவில் நின்றது, சில வீடுகளில் 600-ஐத் தாண்டியது. ஆச்சரியம் அதுவல்ல. சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீர் பல வீடுகளில் கிட்டத்தட்ட போர் தண்ணீராகவே இருந்தது! சம்ப்பில் நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒன்றாக விட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பிறகு குழாயைத் திட்டுகிறோம்.

திண்டுக்கல்லில் இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டார்கள். நமக்கு வருவது ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும். மலையில் பெய்து ஓடிவரும் மழைநீருக்குப் பாறையைக் கரைக்க அதிக நேரம் கிடைப்பதில்லை. போர் தண்ணீர் பாறை இடுக்கிலும் சுக்கான் கல்லிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கிடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு மேலே வருகிறது. தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய பகுதிகளில் தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பும் நிலத்தடி நீரில் சேர்ந்திருக்கிறது. நம் பிரியாணி ருசிக்கு ஆத்தூர் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் சொல்வதை இங்கே நினைவூட்டலாம். கடைக்காரர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

பாதிக் குழப்பத்துக்குக் காரணம் நாம் எல்லாவற்றையும் 'உப்பு' என்பதுதான். வாயில் கரிப்பதும் உப்பு, வாளியில் வெள்ளையாகப் படிவதும் உப்பு, பேனா மாதிரிக் கருவி காட்டும் டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) எண்ணும் உப்பு. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருப்பதை மொத்தமாகக் கணிக்கும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வைத்தவர் ஒருவர், "மீட்டர் எண் குறையவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று புகார் கொடுத்தார். குறையாதுதான். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கடினத்தன்மையில் 100 மில்லிகிராம் போனால் சோடியம் 46 மில்லிகிராம் கூடும். குளிக்கவும் துவைக்கவும் அது நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்கவும். கடினத்தன்மை குறையும் என்று நம்பிக் குழாயில் மாட்டும் காந்தம் வாங்கியவரின் தண்ணீரையும் முன்னும் பின்னும் பார்த்தோம். சொட்டு எண்ணிக்கை மாறவில்லை.

ஆர்ஓ பற்றி: டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆர்ஓ வீணாக வெளியே தள்ளும் தண்ணீர் அவ்வளவு. என் வீட்டு இயந்திரம் இப்போது துணி மூடிக் கிடக்கிறது.

கடினத் தண்ணீரால் சிறுநீரகக் கல் வருமா என்றுதான் அதிகம் கேட்டீர்கள். கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணத்தால் உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் வைக்கவில்லை. அதற்கு மேல் சங்கம் வைத்தியம் சொல்லாது.

செய்த வேலை சின்னதுதான். நல்ல தண்ணீருக்குத் தனிச் சிறு தொட்டி, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் ஒரு லைன். ஒரே பிளம்பரைப் பிடித்துப் பேசியதில் கூலி குறைந்தது. மாற்றிய வீடுகளில் பருப்பு நேரத்தோடு வேகிறது, ஆப்ப சோடா போட வேண்டியதில்லை என்று மகளிர் பிரிவு அறிவித்துள்ளது. ஆய்வக அறிக்கையைவிட உறுப்பினர்கள் நம்பியது அதைத்தான். மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது இன்னும் எட்டவில்லை. லைன் மாற்ற வீட்டு உரிமையாளர்கள் இறங்கி வரவில்லை, வாடகைக்கு இருப்பவர்கள் குடத்தில்தான் பிடிக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைப் பரிசோதித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. வாடகை வீட்டு லைன் செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்பது. இரண்டாவதற்குப் பொருளாளர் ஏற்கனவே முகம் சுளித்துவிட்டார், விவாதிக்கலாம். சொட்டுக் கிட்டைக் கொண்டுபோனவர் யாரென்று தெரியவில்லை, தயவுசெய்து திருப்பித் தரவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்