ஸ்போங்காவா, டென்ஸ்டாவா?

அன்புள்ள பிள்ளைக்கு,

போன கிழமை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, உன்னோடு வேலை செய்யும் பெண் அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். "ஸ்டாக்ஹோமில், ஸ்போங்காவில்" என்றாய். பொய்யில்லை. எங்கள் அஞ்சல் முகவரியும் ஸ்போங்காதான். ஆனால் எங்கள் பகுதியான டென்ஸ்டாவின் பெயர் உன் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனதை நான் கண்டேன். ரயிலில் வீடு வந்து சேரும்வரை அது என்னைக் குடைந்தது.

ஏழு வயதில், பள்ளிக்குத் தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தாயே, நினைவிருக்கிறதா? நான் சமையலறை யன்னலில் நின்று உன் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடைபாலத்துக் கம்பியில் படிந்த பனியைக் கையுறையால் வழித்து வழித்துக் கீழே தள்ளுவாய். கார்கள் எல்லாம் உன் காலுக்குக் கீழே ஓடும். பள்ளி வாசல்வரை நீ ஒரு வீதியையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. நடப்பவர்களுக்கு மேலே, வாகனங்களுக்குக் கீழே என்று பிரித்துத்தான் இந்த இடத்தைக் கட்டினார்கள். ராணுவம் பயிற்சி செய்த யெர்வா வெளி இது. 1965இலிருந்து பத்தே ஆண்டில் பத்து லட்சம் வீடுகள் என்று அரசு எடுத்த திட்டத்தில் எழுந்தவை இந்தத் தொடர்மாடிகள். கொங்கிரீட் பெட்டிகள் என்று ஏசுகிறார்கள். அகதியாக வந்து ஓர் அறையில் நான்கு பேராகப் படுத்த எனக்கு, திறந்தவுடன் சுடுநீர் வரும் குழாயின் அருமை தெரியும்.

துப்பாக்கிச் சத்தம் கேட்ட இரவுகளில் எனக்கும் தூக்கம் வரவில்லை. குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்ட பகுதிகள் என்று காவல்துறை போடும் பட்டியலில் நம் இடத்தின் பெயர் பல ஆண்டுகளாக இருந்ததும் தெரியும். அதற்காக நீ பயப்படலாம், கோபப்படலாம். வெட்கம் மட்டும் வேண்டாம் பிள்ளை.

சுரங்க ரயில் நிலையச் சுவரில் உன்னைத் தூக்கிக் காட்டுவேனே, அந்தச் சொல்! குடியேறி வந்தவர்களுக்கு ஒரு ரோஜா என்று நினைத்து ஹெல்கா ஹென்ஷென் என்ற கலைஞர் அந்தச் சுவர்களை வரைந்தார். 1975இல் ரயில் வந்த நாளிலிருந்து அவை அங்கே இருக்கின்றன. சகோதரத்துவம் என்றால் ஆண்களோடு நின்றுவிடும் என்றோ என்னவோ, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் அடங்கும் சொல்லைத் தேர்ந்து பல மொழிகளில் எழுதினார். தினமும் வேலைக்குப் போகும்போது அதைக் கடந்துதான் போகிறேன்.

நத்தாருக்கு வரும்போது அந்தப் பெண்ணையும் கூட்டி வா. நீல வழி ரயிலில் ஏறுங்கள். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரை நீயே அவளுக்குச் சொல். நான் நடைமேடையில் நிற்பேன்.

அன்புடன்,
அம்மா