ஆற்றங்கரையில் தங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நண்பர்களோடு கேரவனில் மலைக்கும் ஆற்றங்கரைக்கும் போய்த் தங்குகிறவன் நான். பலர் தண்ணீர் ஓரமாகவே வண்டியை நிறுத்தப் போட்டி போடுகிறார்கள். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மலையில் பெய்த மழை ராத்திரியில் வெள்ளமாக இறங்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே மேடேறிவிட வேண்டும். சாமான்களை மடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அப்புறம், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை ஆற்றில் திறந்து விடுகிறார்களே, பார்த்தாலே மனம் பதறுகிறது. வண்டிக்கு அடியில் அதற்கென்றே தொட்டி இருக்கிறது. மக்கும் சோப்பு என்றாலும் ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் கழுவ வேண்டும். அது மண்ணில்தான் சரியாக மக்கும்.

முகாம் நடத்துகிறவர்கள் பழைய வெள்ளம் ஏறிய உயரத்தை ஒரு கம்பத்தில் குறித்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்