ஜோசையா ஃபிராங்க்ளின் குடும்ப வரலாறு: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பாஸ்டன் நகரில் மாட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்று, பதினேழு பிள்ளைகளுக்குத் தந்தையாக வாழ்ந்து மறைந்த ஜோசையா ஃபிராங்க்ளின் என்பவரின் குடும்ப வரலாற்றைத் தமிழில் எழுதும் பணி நிறைவு பெற்றுவிட்டது. அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். அவருடைய பதினைந்தாவது பிள்ளைதான் மின்னலை ஆராய்ந்தவரும் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மகனைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கைத்தொழிலை நம்பிக் கடல் கடந்து வந்த தந்தையையும், அவருக்கு முன்னும் பின்னும் வந்த தலைமுறைகளையும் எழுதவே நான் விரும்பினேன். அந்த விருப்பம் நூலாக உருப்பெற்றதற்குப் பலர் காரணம். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி பாஸ்டனில் எனக்கு வழிகாட்டிய நூலகர் அம்மையாருக்கு உரியது. பழைய ஆவணங்களில் வரும் தேதிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அவர்தாம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் பழைய நாட்காட்டியே வழக்கில் இருந்தது; புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நிகழ்ந்த பிறப்பும் இறப்பும் நம் கணக்குக்கு ஓராண்டு பின்தங்கியே பதிவாகியிருக்கும். கிரானரி இடுகாட்டில் பெற்றோருக்குப் பெஞ்சமின் எழுப்பிய கல்லில் ஜோசையா இறந்த ஆண்டு 1744 என்றிருப்பதும், நாம் இன்று 1745 ஜனவரி 16 என்று எழுதுவதும் இதனால்தான். ஆனால் அதே கல் அவர் 1655-இல் பிறந்து 89 வயது வாழ்ந்ததாகவும் கூறுகிறது. இதற்கு நாட்காட்டி காரணமன்று. அவர் பிறந்தது 1657 டிசம்பர் 23. கல்லில் வெட்டியிருப்பதால் மட்டும் ஒரு செய்தி உறுதியாகிவிடாது, யார், எப்போது, யாருக்காக வெட்டினார்கள் என்று கேட்க வேண்டும் என அம்மையார் அன்று சொன்னார். அந்தக் கேள்வியை நூல் முழுவதற்கும் அளவுகோலாகக் கொண்டேன்.

ஜோசையா பிறந்தது இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயர் பகுதியிலுள்ள எக்டன் என்னும் சிற்றூர். அண்ணன் ஜானிடம் பான்பரியில் சாயத்தொழில் பழகியவர், மனைவி ஆனையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு 1683-இல் பாஸ்டன் வந்து சேர்ந்தார். புதிய ஊரில் சாயத்தொழிலுக்குத் தேவை குறைவாக இருந்ததால் கொழுப்புக் காய்ச்சும் தொழிலுக்கு மாறினார். இந்த மாற்றத்தை எல்லாரும் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அது எத்தகைய மாற்றம் என்பதை எனக்கு உணர்த்தியவர், பழைய முறையில் கையால் சோப்பு காய்ச்சிக் காட்டிய ஒரு கைவினைஞர். விறகுச் சாம்பலைப் பீப்பாயில் நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டும் பழுப்பு நிறக் காரநீரைப் பிடித்தார். அதில் ஒரு முட்டையை விட்டு, அது மூழ்காமல் மிதந்தபோது காரம் போதிய அளவு ஏறியிருப்பதாகச் சொல்லி, உருக்கிய கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சத் தொடங்கினார். கொழுப்பின் வாடை உடுப்பில் ஏறி, வீடு திரும்பிய பின்னும் போகவில்லை. பத்து வயதில் தந்தையின் கடையில் திரி வெட்டவும், அச்சில் கொழுப்பு ஊற்றவும், கடையைப் பார்த்துக்கொள்ளவும் வைக்கப்பட்ட பெஞ்சமின், அந்தத் தொழில் பிடிக்காமல் கப்பலேறத் துடித்ததும், ஏற்கெனவே ஒரு மகனைக் கடலுக்குப் பறிகொடுத்திருந்த தந்தை அவனைக் கைப்பிடித்துத் தச்சர், கொத்தர், கடைசல்காரர், பித்தளைத் தொழிலாளர் பட்டறைகளுக்கெல்லாம் அழைத்துச் சென்று எதில் நாட்டம் இருக்கிறது என்று பார்த்ததும் அன்றுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தன. அந்தக் கைவினைஞருக்கு என் மனமார்ந்த நன்றி.

நீதிபதி சாமுவேல் சூவலின் நாட்குறிப்பில் உள்ள ஒரு சிறு குறிப்பை எனக்கு எடுத்துக்காட்டியவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். ஜோசையாவின் பதினாறு மாத ஆண் குழந்தை எபனேசர், சோப்பு நுரைத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் விழுந்து இறந்ததை அது தெரிவிக்கிறது. தேதி 1702/3 பிப்ரவரி 5, அதாவது நம் கணக்கில் 1703. ஜோசையாவும் சூவலும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். மூன்றாண்டு கழித்து அதே வீட்டில் பெஞ்சமின் பிறந்தார். இந்தக் குறிப்பைப் படித்த பிறகு, பதினேழு பிள்ளைகள் என்ற எண்ணை வெறும் எண்ணாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஆன் பெற்ற ஏழு பேரையும், அவர் மறைந்த பின் வந்த அபையா ஃபோல்ஜர் பெற்ற பத்துப் பேரையும் நூலில் தனித்தனியே பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். கடைக்குட்டி ஜேன், தாம் பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளின் பிறப்பையும் இறப்பையும் தாமே தைத்த ஒரு சிறு ஏட்டில் எழுதிவைத்தார். 1794-இல் அவர் இறக்கும்போது அவர்களில் ஒரு மகள் மட்டுமே உயிரோடிருந்தாள். அந்த ஏட்டை இன்றுவரை பேணிக் காத்துவரும் நியூ இங்கிலாந்து வம்சாவளிக் கழகத்தாருக்கு என் வணக்கம். 1845 முதல் இயங்கிவரும் அந்தக் கழகம் அரசர்களையும் தளபதிகளையும் மட்டும் தேடியிருந்தால், ஒரு சேணத் தொழிலாளியின் மனைவி எழுதிய சில தாள்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

கடிதங்களைப் பொறுத்தவரை, யேல் பல்கலைக்கழகமும் அமெரிக்கத் தத்துவக் கழகமும் 1954-இல் இணைந்து தொடங்கிய ஃபிராங்க்ளின் ஆவணப் பதிப்புப் பணியின் ஆசிரியர்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். அடிக்குறிப்புகளில் அவர்கள் செலுத்தியிருக்கும் உழைப்பு அளவிடற்கரியது. 1739-இல் முதியவர் ஜோசையா மகனுக்கு எழுதிய கடிதம் அந்தப் பதிப்பில்தான் எனக்குக் கிடைத்தது. குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மகன் கேட்டிருக்கிறார். பிரெஞ்சு வழி என்று சிலரும், சுதந்திரக் குடிகள் என்ற பொருளில் வந்தது என்று சிலரும் சொல்வதாகக் குறிப்பிட்டுவிட்டு, நம் நிலைமைக்கு இதையெல்லாம் ஆராய்வதில் மனத்துக்குச் சற்றுக் கிளுகிளுப்பு கிடைப்பதைத் தவிர வேறு பயனில்லை என்கிறார் தந்தை. அதன்பிறகு தமக்குத் தெரிந்த முதல் முன்னோரான கொள்ளுப்பாட்டனின் கதையைச் சொல்கிறார். பிழைப்புத் தேடிப் புறப்பட்ட அந்த இளைஞர் முதலில் ஒரு தையற்காரரிடம் சேர்ந்தாராம். அங்கே சாப்பாடு போதவில்லை. நடையைக் கட்டி ஒரு கொல்லர் வீட்டுக்கு வந்த நாளோ நோன்பு நாள், அன்றும் அரைவயிறுதான். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்கு எழுப்பிவிட்டார்கள். ஆனால் சற்று நேரத்தில் வாட்டிய ரொட்டியும் நல்ல பீரும் வந்தனவாம். இது உருப்படியான வீடு என்று தங்கிக் கொல்லுத்தொழில் கற்றுக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக மூத்த மகன் கொல்லனாவது அந்தக் குடும்பத்தின் மரபானது. உழைப்பாளிகளின் வம்சாவளி இப்படிச் சோற்றிலிருந்தும் கூலியிலிருந்தும் தொடங்குவதை நான் வேறெங்கும் இவ்வளவு நேராகப் படித்ததில்லை.

இனி எக்டனுக்கு வருகிறேன். அந்த ஊரில் வாழும் பெரியவர் ஒருவர், முன்பின் அறியாத எனக்காகத் தூய மேரி மகதலேனா தேவாலயத்தின் கல்லறை வெளியில் ஜோசையாவின் மூத்த அண்ணன் தாமஸ், அவர் மனைவி எலினோர் ஆகியோரின் கல்லறைக் கற்களைக் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் படமெடுத்து அனுப்பினார். உச்சி வெயிலில் எழுத்துகளின் வெட்டு கண்ணுக்குத் தெரியாதென்பது அவர் சொல்லித்தான் தெரியும். கொல்லனாகத் தொடங்கிப் பத்திரம் எழுதுபவராக உயர்ந்து, ஊருக்கே தலைவர்போல வாழ்ந்த அந்தத் தாமஸ் பெரியப்பா, பழைய கணக்கில் 1702 ஜனவரி 6 அன்று இறந்தார். அதற்குச் சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் பெஞ்சமின் பிறந்தார். பிறந்த நாளன்றே பெரியப்பா இறந்திருந்தால் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தார் என்றே கொண்டிருக்கலாம் எனத் தம் மகன் வில்லியம் சொன்னதைப் பெஞ்சமின் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்தக் குடும்பத்தின் வேர்களைத் தேடி முதலில் புறப்பட்டவர் பெஞ்சமின்தான். 1758 கோடையில் வில்லியமோடு எக்டன் சென்றார். குருவானவர் தேவாலயப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். 1555 முதலான பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில் இருந்தன. ஐந்து தலைமுறையாகக் கடைசி மகனுக்குக் கடைசி மகனாகத் தாம் வந்திருப்பதை அவர் அறிந்துகொண்டதும் இந்தப் பதிவுகளைக் கொண்டுதான். குருவானவரின் மனைவி நல்ல சுபாவமுள்ள முதியவர், வாய் ஓயாமல் பேசுபவர். தாமஸ் தேவாலயக் கோபுரத்துக்கு இசைமணிகள் வைக்க ஊரில் பணம் திரட்டியதையும், ஊர்ப் புல்வெளிகளை ஆற்று வெள்ளத்திலிருந்து காக்க வழி கண்டதையும் விவரித்த அவர், கல்லறை வெளிக்கும் அழைத்துச் சென்றார். கற்களில் பாசி மூடிக்கிடந்ததால் எழுத்து எதுவும் தெரியவில்லை. முரட்டுத் தூரிகையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். பீட்டர் தேய்த்துச் சுத்தம் செய்தார்; வில்லியம் படியெடுத்தார். மனைவி டெபோராவுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

பீட்டர், ஃபிராங்க்ளின் குடும்பத்தின் அடிமை. 1757-இல் கிங் என்னும் மற்றோர் அடிமையோடு அவர் லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் பெஞ்சமின் எழுதிய உயிலில், தம் மறைவுக்குப் பின் பீட்டரும் அவர் மனைவி ஜெமைமாவும் விடுதலை பெற வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. அடிமை முறை பற்றிய ஆவணங்களில் தோய்ந்த ஆய்வாளர் ஒருவர் இந்த உயிலை எனக்குக் காட்டியதோடு, 1713-இல் பாஸ்டன் நியூஸ்-லெட்டர் இதழில் வந்த ஒரு விளம்பரத்தையும் முன்னால் வைத்தார். விற்பனைக்கு உள்ள மூன்று கறுப்பின ஆண்களையும் இரண்டு பெண்களையும் யூனியன் தெருவில் நீலப் பந்துப் பலகை தொங்கும் ஜோசையா ஃபிராங்க்ளினின் வீட்டில் வந்து பார்க்கலாம் என்கிறது அது. நான் நேசத்தோடு எழுதிவந்த மனிதரின் வாசலில் நடந்தது இது. அதை அடிக்குறிப்பில் ஒதுக்காமல், கடையையும் தொழிலையும் விவரிக்கும் அதே அத்தியாயத்தில், அதே அளவு எழுத்தில் தர வேண்டும் என்று ஆய்வாளர் வாதாடினார். அப்படியே தந்திருக்கிறேன், நூலுக்கு நேர்மையைத் தந்த அறிவுரை அது. எக்டன் பதிவேட்டில் ஃபிராங்க்ளின்களுக்கு இருநூறு ஆண்டுக் கணக்கு இருந்தது. அந்தக் கற்களைத் தேய்த்து அந்தப் பெயர்களை வெளிக்கொணர்ந்த பீட்டருக்கு அத்தகைய ஏட்டை எவரும் வைத்திருக்கவில்லை. படியெடுத்தவருக்கும் படிக்கச் சொன்னவருக்கும் வரலாற்றில் இடம் கிடைத்திருக்கிறது. தேய்த்தவருக்கு என் நன்றியை இங்கே பெயர் சொல்லிப் பதிவு செய்கிறேன்.

எழுத்துப்படியை வரிவரியாகப் படித்து உறவுமுறைகளைச் சரிபார்த்த நண்பர்கள் இருவருக்கும், வம்சாவளிப் படத்தை வரைந்து தந்த தங்கைக்கும் நன்றி. ஜோசையாவின் அண்ணனும் பட்டுச் சாயத் தொழிலாளியுமான மூத்த பெஞ்சமின் 1717-இல் எழுதிவைத்த குடும்பக் குறிப்புகள்தாம் அந்தப் படத்தின் முதல் பாதிக்கு ஆதாரம். புராட்டஸ்டண்டுகள் ஒடுக்கப்பட்ட மேரி அரசி காலத்தில் முன்னோர் ஒருவர் ஆங்கில வேதாகமத்தை முக்காலியின் அடியில் நாடாவால் கட்டி மறைத்துவைத்துப் படித்த செய்தியும் அவர் வழியாகவே வந்தது. நூலின் ஒரு படி எக்டன் பெரியவருக்கும், ஒரு படி பாஸ்டன் நூலகருக்கும் அனுப்பப்பட்டுவிட்டன. ஆவணங்களின் படிகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். இதே காலத்துக் கைத்தொழிலாளர் குடும்பங்களை ஆராய்பவர்கள் கேட்டால் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொள்வேன்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
நூலாசிரியர்