அந்தமான் பறவைப் பயணம் நடத்துவோருக்கு: ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய பயணக் குழுவினருக்கு,

வணக்கம். தெற்கு அந்தமானின் சிடியா டாப்புவில் அன்றிரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை. தருமபுரியிலிருந்து, சீட்டு எடுத்த பணத்தில் உங்களோடு வந்தவன் நான். அந்தமானை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத வேட்டைக்கார ஆந்தையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பார்த்தேன். பார்த்த விதம்தான் உறுத்துகிறது.

முக்கால் மணி நேரம் அதன் குரலையே ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போட்டீர்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று நம்பி, அது கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது. இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடியது. வந்து உட்கார்ந்ததும் முகத்தில் நாலு டார்ச். போதுமே என்றதற்கு, "எல்லாருக்கும் போட்டோ கிடைக்க வேண்டாமா சார்?" என்றார் உங்கள் வழிகாட்டி. இரண்டு பேருக்கு ஃபோகஸ் விழவில்லையாம், மறுபடியும் போட்டார்.

காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹியூம், 1873இல் இதே தீவுகளுக்குக் கப்பலில் போய்ப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவையை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் அவர்தான். அவர் சேர்த்த பல்லாயிரம் பறவைத் தோல்கள் 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. நாம் துப்பாக்கியை விட்டுவிட்டோம், நல்லது. ஆனால் நாம் சேகரிப்பது என்ன? லைஃபர் (வாழ்வில் முதல்முறை பார்க்கும் பறவை) கணக்கும் இன்ஸ்டாகிராம் லைக்கும்தான். அறிவியலுக்கு உதவும்படி அன்றைய படங்களில் ஒன்றிலாவது இடமும் தேதியும் எழுதியிருக்கிறீர்களா?

சரி, அது முடிந்த கதை. இப்போது எங்கள் பக்கம் வரப்போவதாக விளம்பரம் பார்த்தேன். ஒகேனக்கல், அப்புறம் கிருஷ்ணகிரிப் பாறைக் குன்றுகள். கொம்பன் ஆந்தை 'உறுதி' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். எப்படி உறுதி என்பது எனக்குப் புரிகிறது, ஸ்பீக்கர்தான். கொம்பன் கூடு கட்டுவதில்லை, பாறை இடுக்கில் வெறும் தரையிலேயே முட்டையிடும். நீங்கள் வரும் மாசி மாதம் அது அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிற காலம். உங்கள் ஸ்பீக்கரை நம்பி அது எழுந்து பறந்தால், மிச்சத்தைக் கீரி பார்த்துக்கொள்ளும். தயவுசெய்து ஸ்பீக்கர் வேண்டாம்.

ஏற்கெனவே கிரானைட்டுக்காக இங்கே குன்றுகளை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மனு எழுதி எழுதி எங்கள் கை ஓய்ந்துவிட்டது. குவாரிக்காரராவது 'இயற்கையை நேசிப்போம்' என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வருவதில்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது. கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆந்தை தானாக வந்தால் பார்ப்போம், வராவிட்டால் குன்றடியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். விளம்பரத்தில் 'உறுதி' என்பதை எடுத்துவிட்டு, குரல் ஒலிபரப்ப மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பையன்களே வழிகாட்ட வருவார்கள். இல்லையென்றால் வரமாட்டார்கள், அதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு அந்தமான் வந்த தருமபுரிக்காரன்