அல்தேரியோவை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஸ்பானிய சினிமா கட்டுரையை ரசித்துப் படித்தேன். இயக்குநர் கார்லோஸ் சவுராவைப் பற்றிய பகுதி மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் அவருடைய 'கிரியா குவர்வோஸ்' படத்துக்கு இத்தனை இடம் கொடுத்துவிட்டு, அதில் அப்பாவாக நடித்தவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் தாண்டிப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து ஸ்பெயின் சினிமாவுக்கு வந்தவர்கள் என்று கட்டுரை சொல்வது செசிலியா ரோத், ரிக்கார்தோ தரீன் இருவரை மட்டும்தான். நல்ல நடிகர்கள், மறுக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் மூத்தவர், அந்த அப்பாவாக நடித்த எக்தோர் அல்தேரியோ.

1929-ல் புவெனஸ் அயர்ஸில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகனாகப் பிறந்தவர். பல வருடம் நாடக மேடை, அப்புறம்தான் சினிமா. 1974-ல் வெளியான 'லா பட்டகோனியா ரெபெல்தே' படத்தில் ராணுவ அதிகாரியாக வந்தார். 1920-களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் தென்பகுதியான பட்டகோனியாவில் வேலைநிறுத்தம் செய்த கூலித் தொழிலாளர்களை ராணுவம் நிற்கவைத்துச் சுட்டுக் கொன்ற கதை அது. சுட உத்தரவு போடுகிற ஆள் இவர்தான். அதே வருடம் நடித்த 'லா த்ரெகுவா' படத்துக்காக சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவுக்கு ஸ்பெயின் போனார். போன இடத்தில் கொலை மிரட்டல் வந்தது. மிரட்டியது 'மூன்று ஏ' என்று அழைக்கப்பட்ட கம்யூனிஸ எதிர்ப்புக் கொலைப்படை. நாட்டுக்குத் திரும்பினால் உயிர் மிஞ்சாது என்ற நிலை. அங்கேயே தங்கிவிட்டார். மனைவி நாலு வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார்.

அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்க அப்போது இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ஸ்பெயினிலோ வலதுசாரி சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடு இருந்தார். வலதுசாரிக் கொலைகாரர்களுக்குப் பயந்து ஒரு மனிதர் போய்ச் சேர்ந்த இடம் ஃபிராங்கோவின் ஸ்பெயின்! சொந்த ஊரில் நாற்பத்தைந்து வயது வரை சேர்த்த பெயர் அங்கே செல்லாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

'கிரியா குவர்வோஸ்' 1975-ல் எடுக்கப்பட்டது, ஃபிராங்கோ அந்த நவம்பரில் இறந்தார். படத்தில் அல்தேரியோவுக்கு ஃபிராங்கோ காலத்து ராணுவ அதிகாரி வேடம். படம் தொடங்கியதுமே படுக்கையில் செத்துப்போகிறார், அப்புறம் மகளின் நினைவுகளில்தான் வருகிறார். (அந்தப் படுக்கையறையிலிருந்து அவசரமாக உடுத்திக்கொண்டு வெளியேறும் பெண்ணாக நடித்த மிர்தா மில்லரும் அர்ஜென்டினாக்காரர்தான்.) கட்டுரையாளர் மகளாக நடித்த சிறுமி ஆனா தொரென்டின் கண்களைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். சரி, அந்தக் கண்கள் யாரைப் பார்த்து வெறுக்கின்றன? அந்த ஆள் வெறும் பொம்மையாக இருந்திருந்தால் படம் நின்றிருக்காது.

என் வாதமே இதுதான். ஊரைவிட்டுத் தன்னைத் துரத்தியவர்களின் முகத்தைத் திரையில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர் அல்தேரியோ. ஸ்பெயினுக்கு வந்தபின் மட்டுமில்லை, அர்ஜென்டினாவில் சர்வாதிகாரம் விழுந்து அங்கே மறுபடியும் நடிக்கப் போனபோதும் அப்படித்தான். 1984-ல் வந்த 'கமீலா'வில் மகளைக் காவு கொடுக்கவும் தயங்காத தகப்பன். அடுத்த வருடம் 'தி அஃபீஷியல் ஸ்டோரி'யில் ராணுவ ஆட்சியோடு கூட்டுவைத்துச் சம்பாதிக்கிற ரொபெர்தோ. அந்த ஆட்சியால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குழந்தையைத் தன் குழந்தையாக வீட்டில் வளர்ப்பவன். அந்தக் குழந்தையை அவன் கொஞ்சுவதில் நடிப்பே தெரியாது, உண்மையிலேயே பாசமான அப்பா. கடைசியில் அதே கைகள் மனைவியின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கும். வேறு யாராவது நடித்திருந்தால் முதல் காட்சியிலேயே வில்லனைக் காட்டிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது.

ஸ்பெயினில் அவருக்கு வேறு மாதிரி வேடங்களும் கிடைக்காமல் இல்லை. ஹைமே சவார்ரி இயக்கிய 'ஆ உன் தியோஸ் தெஸ்கொனொசிதோ'வில் வயதாகிக்கொண்டிருக்கும் தன்பாலீர்ப்பு மேஜிக் கலைஞர், கவிஞர் லோர்காவின் நினைவிலேயே வாழ்பவர். 1977-ல் இதற்காகச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தது அதே சான் செபாஸ்தியான் விழா! 1980-ல் வந்த 'எல் நீதோ'வைப் பற்றி எனக்கு இரண்டு மனது. மனைவியை இழந்த, அறுபது வயதை நெருங்கும் ஒருவரும் பதின்மூன்று வயதுச் சிறுமியும் (மறுபடியும் ஆனா தொரென்ட்) நெருங்கும் கதை, இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் காட்டில் தனியாக நின்று, இல்லாத இசைக்குழுவுக்குக் கையசைத்து ஹைடனின் இசையை நடத்தும் காட்சியில் அவரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது.

2001-ல் 'சன் ஆஃப் தி பிரைட்'. கட்டுரை தரீனுக்காகக் குறிப்பிட்ட படம். அதில் மறதி நோய் வந்த மனைவியைச் சர்ச்சில் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் கிழவர் யார் என்று பாருங்கள். 2004-ல் ஸ்பெயின் இவருக்குத் தன் முக்கிய சினிமா விருதான கோயாவைக் கௌரவ விருதாகக் கொடுத்தது. கைக்குழந்தையாக மாட்ரிட் வந்த மகள் மலேனா, 2024-ல் சிறந்த நடிகைக்கான கோயா வாங்கினார். மகன் எர்னெஸ்தோவும் நடிகர்தான்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் அர்ஜென்டினாவிலிருந்து இப்படித் தப்பி வந்தவர்களுக்கென்று ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். தகப்பன் 1977-ல் காணாமல் ஆக்கப்பட்டு, தாயோடு மாட்ரிட் வந்து வளர்ந்த நடிகர் ஹுவான் தியேகோ பொத்தோவையும் அதில் சேர்க்கலாம். சவார்ரியின் படம் சப்டைட்டிலோடு எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று கட்டுரையாளருக்குத் தெரிந்தால் அதையும் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.