கந்தோருக்குப் போகப்போகும் பெறாமகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்க மனமில்லாமல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேரப்போகிறாய் என்று அக்கா சொன்னா. "கணக்கீடு படிச்சனான் தான், ஆனா வேலை ஒண்டும் தெரியாதே" என்று நீ பயந்துகொண்டிருக்கிறாயாம். புதிதாக வரும் பயிலுநர்களைப் பழக்குவது என் பொறுப்பு என்பதால் சொல்கிறேன்: புள்ளி போடாமல் பாடசாலை பழக்கிவிட்டதெல்லாம் கந்தோரில் கைகொடுக்கும். புள்ளிக்காகப் பழகியதில்தான் சிலதை விடவேண்டியிருக்கும்.

பாடசாலைப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டியை எடு. நீ இல்லத் தலைவியாக இருந்த வருடம் உன்னை வீட்டில் பிடிக்கவே ஏலாது. பழைய மாணவிகளிடம் காசு சேர்த்தாய், பற்றுச்சீட்டு எழுதினாய். இல்ல அலங்காரத்துக்குத் தென்னோலை கொண்டுவருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரிக்க, வேறு ஆள் பிடித்தாய். அணிநடைப் பயிற்சிக்கு நிற்காமல் ரியூசனுக்கு ஓடின பிள்ளைகளைக் கெஞ்சியும் வெருட்டியும் கூட்டிவந்தாய். எல்லாம் முடிந்த பிறகு பொறுப்பாசிரியை ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் கேட்க, மிச்சக் காசு கணக்கோடு ஒத்துவரும்வரை குந்தியிருந்து பார்த்தாய். உன் சுயவிபரக் கோவையில் இதெல்லாம் "இல்லத் தலைவி" என்ற ஒரே சொல்லாகக் கிடக்கும். நேர்முகத்தில் நான் இருந்திருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் கேட்டிருப்பேன்.

வரவு இடாப்பும் அப்படித்தான். 80 வீத வரவு இல்லாவிட்டால் பாடசாலையூடாக உயர்தரம் எழுத ஏலாது என்ற விதியை நீங்கள் எவ்வளவு திட்டினீர்கள்! கந்தோரிலும் லீவு உண்டு. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முழு உரித்து வந்தபின் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் திடீர் அலுவல்களுக்கு 7 நாள் அமைய விடுமுறையும் இருக்கு. எடுப்பதில் பிழையில்லை. ஆனால் வகுப்பு ரீச்சருக்கு அப்பாவின் கையொப்பத்தோடு கடிதம் கொண்டுபோனாயே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. வரமாட்டேன் என்பதைக் காலமையே அறிவிக்கிற பிள்ளையை வைத்து நாள் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். பத்து மணிவரை வாசலைப் பார்க்க வைக்கிற பிள்ளையோடு ஒன்றும் செய்ய ஏலாது.

எங்கள் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் உள்ள உறவு பழையது. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. பிறகு வந்த ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிவரை எழுதுவினைஞர்களாகப் போனார்கள். வடிவான கையெழுத்து, நேரம் தவறாமை, சொன்னதைச் சொன்னபடி செய்வது: அவர்களில் அனேகருக்கு இது போதுமாயிருந்திருக்கும். உனக்குக் காணாது.

ஏனென்றால் எங்கள் வகுப்பறைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. "விளங்கினதா?" என்று கேட்டால் முழு வகுப்பும் "ஓம் ரீச்சர்" என்று இழுக்கும். ரீச்சர் வெளியே போன கையோடு பக்கத்துப் பிள்ளையிடம் "என்னடி சொன்னவ?" என்று கேட்கிறது. என்னிடம் வருகிற கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதே "ஓம்"ஐத்தான் சொல்கிறார்கள். பின்னேரம் போய்ப் பார்த்தால் வேலை தொடங்கவே இல்லை, அல்லது முழுக்க வேறேதோ செய்து வைத்திருக்கிறார்கள். சொன்ன வேலையை உன் வாயால் ஒருதரம் திருப்பிச் சொல்லிக் காட்டு. அரை நிமிடம்கூடச் செல்லாது.

அடுத்தது அழிறப்பர். கொப்பி துப்பரவாக இருக்கவேண்டும் என்று முதலாம் வகுப்பிலிருந்தே பிழையை அழித்துப் பழகிவிட்டோம். கணக்குப் புத்தகத்தில் அழிக்கவும் கூடாது, வெள்ளை பூசவும் கூடாது. பிழையான தொகையின்மேல் ஒரேயொரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வை. முதலில் என்ன எழுதியிருந்தது என்று கணக்காய்வாளருக்குத் தெரியவேண்டும். அழித்த இடத்தைக் கண்டால், அது நல்ல நோக்கத்தில் அழித்ததாக இருந்தாலும், அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பிழை கண்டுபிடிபட முதல் நீயே போய்ச் சொல்லு. இங்கே அதற்குப் புள்ளி குறைக்கிற ஆளில்லை. பேசுவார்கள், அவ்வளவுதான்.

கடந்தகால வினாத்தாளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பத்து வருட வினாத்தாள் செய்தால் ஒரு கேள்வியாவது திரும்ப வரும் என்ற நம்பிக்கை கந்தோர்ப் படியோடு சரி.

இன்னொரு அலுவல். முதல் சம்பளச் சீட்டு கிடைத்ததும் வடிவாகப் பார். ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம் கழித்திருக்கவேண்டும், கந்தோர்க்காரர் தங்கள் பக்கத்தில் 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், அது முழுக்க அவர்களின் காசு. "தற்காலிகம்தானே, பயிலுநர்தானே" என்று சொன்னால் நம்பாதே, முதல் நாளிலிருந்தே உனக்கு உரித்து உண்டு. அங்கத்துவ இலக்கம் என்னவென்று கேள். கேட்கப் பயமாயிருந்தால், கணக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்துங்கோ என்று கேள்.

அன்புடன்,
சித்தி