செய்த வேலையைச் சொல்லத் தயங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'பர்சனல் பிராண்டிங்', அதாவது வேலை உலகில் தனக்கென்று ஒரு பேர் உண்டாக்கிக்கொள்வது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல போட்டோ, தினம் ஒரு பதிவு, நிறைய தொடர்புகள் என்று அதில் சொன்ன எதுவும் தப்பில்லை, ஆனால் எதைப் பற்றிப் பதிவு போடுவது என்கிற முக்கியமான இடத்தைத் தொடாமலே கட்டுரை முடிந்துவிட்டது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலைகளில் 23 வருஷமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், ஆறேழு வருஷமாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவிலும் உட்காருகிறேன், அதனால்தான் எழுதத் தோன்றியது.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். டிப்ளமோ முடித்து மூன்று வருஷம் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் இருந்தவர். லிங்க்ட்இன் என்கிற வேலைத் தொடர்புத் தளத்தில் அவர் பெயருக்குக் கீழே கடின உழைப்பாளி, குழுவோடு சேர்ந்து வேலை செய்பவர், கற்கும் ஆர்வம் உள்ளவர் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அன்று காலை பார்த்த மற்ற நான்கு பேர் பக்கத்திலும் ஏறக்குறைய அதேதான். சரி, அங்கே நீங்க என்ன பண்ணீங்க தம்பி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் இல்ல சார், ஐப்பசி மழையில புளோ ஹோல் ஜாஸ்தி வந்துச்சு, அதை மட்டும் பார்த்தேன்" என்றார். புளோ ஹோல் என்றால் வார்ப்புக்குள் வாயு சிக்கி விழும் ஓட்டை. எப்படிப் பார்த்தார் என்று தோண்டத் தோண்டத்தான் விஷயம் வந்தது. ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு வார்ப்புக்கும் கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் வர வைக்கும் மணல் அச்சு) எந்தத் தேதியில் செய்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். அன்றைக்கே செய்த கோரில் தொந்தரவு இல்லை, ரெண்டு நாள் ஷெட்டில் கிடந்த கோரில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு வாயு செலுத்தி இறுக வைக்கும் சிஓ2 கோர் ஈரத்தை இழுக்கும் என்பது ஃபவுண்டரியில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஷெட்டின் எந்த மூலையில் சாரல் படுகிறது என்று மழை பெய்யும்போது போய் நின்று பார்த்தவர் இவர்தான். கோரை வேறு இடத்தில் அடுக்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்ய வைத்து, ஊற்றுவதற்கு முன்னால் சூடு காட்டவும் ஏற்பாடு செய்திருக்கிறார். ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்திருக்கிறது. இதைத்தான் பெரிசா ஒண்ணும் இல்லை என்கிறார்! அவரை எடுத்துக்கொண்டோம். ஆனால் சாப்பாட்டு நேரம் ஆச்சு என்று நான் அன்று எழுந்து போயிருந்தால் அந்த நோட்டைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

முன்பெல்லாம் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒருவர் நன்றாக லேத் ஓட்டுகிறார் என்றால் அந்தப் பேர் டீக்கடை வழியாகவே அடுத்த பட்டறைக்குப் போய்விடும். பேர் எடுத்தவர் தன்னைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். இப்போது ஆள் எடுப்பவர் சென்னையிலோ புனேயிலோ உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு நம் டீக்கடையைத் தெரியாது. டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் 1997இல் ஃபாஸ்ட் கம்பெனி பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த பிராண்ட் பேச்சு பரவியது, 2003இல் லிங்க்ட்இன் வந்ததும் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. வார்த்தைதான் புதுசு, பேர் எடுப்பது நமக்குப் புதுசில்லை. அந்தப் பேரைச் சுமந்துபோக இப்போது ஆள் இல்லை, நாமே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தற்பெருமை கூடாது என்று சொல்லியே வளர்க்கப்பட்டவன் நான். முன்பு வேலை பார்த்த இடத்தில் பதவி உயர்வு இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனது. இரண்டாவது முறை மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். "நீங்க என்ன பண்றீங்கன்னே எனக்குத் தெரியலையே" என்றார், அவர் பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை; புகார் வராத மாதத்தை யார் கவனிப்பார்கள்? அன்றிலிருந்து மாதக் கடைசியில் அரைப் பக்கம் எழுதுகிறேன். என்ன பிரச்சினை, எதைப் பார்த்தேன், எதை மாற்றினேன், அப்புறம் என்ன ஆச்சு. இப்போதைய வேலை அந்த அரைப் பக்கங்களால் கிடைத்தது.

என் அக்கா மகள் 4,500 ரூபாய் கட்டி ஒரு நாள் பிராண்டிங் வகுப்புக்குப் போய் வந்தாள். கோட் போட்டு போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு சின்ன சர்க்யூட்டை 600 ரூபாய்க்குள் செய்து, தாத்தா தோட்டத்தில் கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தவள் அவள். கடைசி வருஷ புராஜெக்ட் என்னம்மா என்று அந்த வகுப்பில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே 220 எழுத்து வரை எழுத இடம் இருக்கிறது, அதில் கல்லூரிப் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடாமல் இந்த சர்க்யூட்டைப் பற்றி எழுது என்று சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எழுதும்போது சில விஷயத்தில் கவனமாக இருங்கள் பிள்ளைகளே. கம்பெனி டிராயிங், வாடிக்கையாளர் பெயர், ஷாப் ஃப்ளோர் போட்டோ எதையும் வெளியே போடாதீர்கள், வேலையே போய்விடும். ஷிஃப்டில் நான்கு பேர் சேர்ந்து செய்ததை நான் செய்தேன் என்று எழுதினால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அப்புறம், சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள், சாரல் பட்ட மூலை அதற்குத் தெரியாது. ஆங்கிலம் தடுமாறினால் முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் வாரம் அரை பத்தி இடம் ஒதுக்கி, ஐடிஐ, பாலிடெக்னிக் படித்த ஒரு பிள்ளை தான் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுத விடுங்கள். முதல் வாரத்துக்கு ஃபவுண்டரித் தம்பியிடம் கேட்டிருக்கிறேன், கம்பெனி பெயர் இல்லாமல் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர், கணபதி, கோவை